களம், கூற்று, முரண்: மூன்றையும் ஒரே கேள்வியாகக் கேளுங்கள்

சென்னைக் கல்லூரிகளில் தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உயிர்பிழைத்தல் கதைகளைப் பாடமாக வைக்கும்போது களம் (கதை நடக்கும் இடமும் பொழுதும்), கூற்று (கதையை யார் சொல்கிறார் என்பது), முரண் (கதையின் மோதல்) மூன்றையும் தனித்தனி ஐந்து மதிப்பெண் வினாக்களாகக் கேட்பதைக் கைவிடுமாறு வேண்டியே இம்மடலை எழுதுகிறேன். ‘மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் போராட்டம்’ என்று எந்தக் கதைக்கும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம் என்பதை மாணவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன், கடுங்குளிரில் தீ மூட்டப் போராடும் ஒருவனின் கதையை (To Build a Fire) இருமுறை எழுதினார். இரண்டிலும் கனடாவின் வடமேற்கிலுள்ள அதே யூகான் குளிர், நனைந்த கால், மரத்துப்போன விரல். 1902இல் சிறுவர் இதழில் வந்த வடிவத்தில் டாம் வின்சென்ட் என்ற பெயருள்ள இளைஞன் பிழைத்து, தனியே பயணம் போகக் கூடாது என்று தெரிந்துகொள்கிறான். 1908 வடிவத்தில் அவனுக்குப் பெயரே இல்லை; முடிவில் உறைந்து இறந்துபோகிறான். கூடவே ஒரு நாய் வருகிறது. விரல் மடங்காததால் உள்ளங்கைகளின் அடிப்பகுதிகளுக்கு நடுவே தீக்குச்சிகளை இடுக்கி மொத்தமாகக் கொளுத்துகிறான். தன் சதை கருகும் வாடை அவனுக்கே எட்டுகிறது. குளிரின் அபாயத்தை நாய் உணர்ந்த அளவுக்குக்கூட அவன் உணரவில்லை என்பதை, எவர் பக்கமும் சாயாத கதைசொல்லி நமக்கு மட்டும் சொல்லிவிடுகிறார். அந்தக் கூற்றினால்தான் முரண் குளிரைவிட்டு விலகி, அவனுடைய அசட்டு நம்பிக்கைக்குள் போய் உட்காருகிறது. (அவனே ‘நான்’ என்று தன்மையில் சொல்லியிருந்தால் அவன் பிழைத்தது முதல் வரியிலேயே தெரிந்துபோயிருக்கும்; எதை இழந்து பிழைத்தான் என்பதே மிஞ்சியிருக்கும்.)

இது நமக்கு அந்நியமான சிந்தனை அன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தே பாலையாகும் என்றது சிலப்பதிகாரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் வேளச்சேரியும் புறநகர் முடிச்சூரும் அப்படித் திரிந்த நிலங்கள்தாம். அந்த வெள்ளத்தை மொட்டைமாடியில் தஞ்சம் புகுந்தவர் சொன்னால், தண்ணீர் வடிந்ததும் கதை முடிந்துவிடும். அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தவர் சொன்னாலோ, தண்ணீர் வடிந்த பிறகுதான் கதையே தொடங்கும். ஏனெனில் அங்கிருந்த பல குடும்பங்கள் நகருக்குத் தெற்கே உள்ள பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டன. இதற்கும் ‘மனிதனும் இயற்கையும்’ என்றே விடை எழுதினால், மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டியவர்கள் கதைக்குள் வராமலே தப்பிவிடுகிறார்கள்.

ஆகவே, அடுத்த பாடத்திட்டத்தில் ஒரே பேரிடரை இருவர் சொல்லும் இரு பகுதிகளை அடுத்தடுத்து வையுங்கள். ‘சொல்பவர் மாறியதால் களத்தில் எது கண்ணுக்குப் பட்டது, எது மறைந்தது, அதனால் யாருக்கும் யாருக்கும் இடையே முரண் எழுந்தது?’ என்று ஒரே பத்து மதிப்பெண் வினாவாகக் கேளுங்கள். விடைத்தாள் திருத்தும் வேலை கூடும் என்பது உண்மையே. மாதிரி வினாத்தாளும் மதிப்பீட்டுக் குறிப்பும் தேவைப்பட்டால் எழுதித் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தமிழாசிரியர்