பயிற்சி வகுப்பின் எதிர்பாராத கட்டணக் கோரிக்கை: உறுப்பினர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

நாம் சேர்ந்து பயின்ற வகுப்பின் கட்டணத்தை முழுமையாகச் செலுத்தி முடித்த பிறகும், தேர்வுக்கும் சான்றிதழுக்கும் உரிய மீதத் தொகையை மூன்று நாட்களுக்குள் கட்ட வேண்டும் என்று கோரும் செய்தி நம்மில் பலருக்கு நேற்று வந்துள்ளது. எனக்கும் வந்தது, பதற்றத்தில் கட்டிவிடவே போனேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இது குறித்துப் பேச, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு இக்குழுவிலேயே காணொலி அழைப்பில் கூடுகிறோம். அதற்குள் செய்ய வேண்டியவை:

1. பகுதித் தொகையைக்கூட யாரும் கட்ட வேண்டாம். கட்டினால், பாக்கி இருப்பதை நாமே ஒப்புக்கொண்டதாகப் பயிற்சி நிறுவனம் வாதிட இடமுண்டு.
2. நிறுவனத்தின் பெயரில் வேறு யாரேனும் அனுப்பியிருக்கவும் கூடும் என்பதால், செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், பழைய ரசீதில் உள்ள எண்ணில் அழைத்து உறுதிசெய்யவும்.
3. கோரிக்கை உண்மையென்றால், எந்த விதியின்படி, எதற்காக, எவ்வளவு என்ற விவரத்தை மின்னஞ்சலில் கேட்கவும். வாய்ப்பேச்சு பின்னர் சான்றாக நிற்பது அரிது.
4. சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுத்து, சிறிய எழுத்தில் உள்ளதையும் விடாமல் படிக்கவும். "தேர்வுக் கட்டணம் தனி" என்று அதில் இருந்து, நாம் கையெழுத்தும் இட்டிருந்தால், நம் நிலை வேறு.
5. தானாகப் பணம் எடுக்க அனுமதி அளித்தவர்கள் இன்றே வங்கியிடம் பேசவும்.

உங்கள் பெயர், கேட்கப்பட்ட தொகை, ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா என்பதைச் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் இங்கே பதிலிட வேண்டுகிறேன். ரசீதுகளில் வங்கி விவரம் இருப்பதால், அவற்றின் படத்தை எனக்குத் தனியே அனுப்பவும்.

ஒருங்கிணைப்பாளர்