ஒன்று என்று வந்த அந்த வரி

அன்புள்ள அக்கா,

பிள்ளைகள் படிவத்தில் விடை வாங்கி, பைத்தான் நிரலால் எண்ணிப் பார்க்கிற அந்தச் சமூகப் பிரச்சினை புராஜெக்ட்டை அடுத்த பருவத்தில் மறுபடி எடுக்கிறேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பலர் படிக்கிற இடம் இது. அந்தப் பிள்ளை யார், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இங்கே வராது.

அன்று காட்சி நாளில் திரையில் வந்த அட்டவணையைத்தான் மறக்க முடியவில்லை. காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. பிரிவு, பாலினம், வந்துசேரும் வழி மூன்றையும் ஒட்டி ஒரே சாவியாக்கி, ஒவ்வொரு சாவிக்கும் எதிரே ஓர் எண்ணை வைத்துக்கொள்கிற டிக்‌ஷனரியில் ஆளுக்கொன்றாகக் கூட்டியிருந்தார்கள். லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் வரி) சரி, இஃப் (நிபந்தனை வரி) சரி. பைத்தான் தொடங்கி எட்டே வாரத்தில் செய்த வேலை அது. கடைசி வரியில் 1 என்று வந்தது. பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அந்த மூன்றும் பொருந்துகிற ஆள் அறையில் ஒருவர்தான். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

மன்னித்துவிடுங்கள். படிவத்துக்குச் சரி சொன்னது நான். பெயர் கேட்கவில்லையே, அது போதும் என்றிருந்தேன். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் இந்த மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று தரவு அந்தரங்க ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000இல் மதிப்பிட்டதை வகுப்பில் சொன்னதும் நான்தான். ஒரு தேசத்துக்கே அப்படியென்றால் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற அறைக்கு என்ன கணக்கு?

ஆனால் காட்சி நாளை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம் என்று நான் கேட்டேன், அக்கா. அழைப்பிதழ் போய்விட்டது என்றீர்கள். போஸ்டரின் நிறத்துக்கு மூன்று நாள் கொடுத்த நாம், அட்டவணையைப் படித்துப் பார்க்க அரை மணி நேரம் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த முறை காட்சி நாள் கிடையாது. முதல் நான்கு வாரம் தலைப்பே கொடுக்க மாட்டேன், நாமே எழுதின பொய்த் தரவில் எண்ணப் பழகட்டும். பிறகு மூன்று பேர் கொண்ட குழு, ஒரு குழுவுக்கு ஒரே கேள்வி, நான்கு நெடுவரிசை தாண்டாத ஒரு சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை). ‘பட்டினியை ஒழிக்கும் ஆப்’ என்று வந்தால் திருப்பி அனுப்புவேன். எண்ணி விடை சொல்ல முடிகிற கேள்வியாக அது சுருங்க வேண்டும். பிறந்த தேதி வேண்டாம், வயது வரம்பு போதும்.

ஐந்துக்குக் குறைவான எண் எதுவும் திரைக்கு வராது. இது ஒரு இஃப் வரிதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. மொத்தம் 30 என்று போட்டு, 12, 9, 8 என்று மூன்று கட்டத்தைக் காட்டினால், மறைத்த நாலாவது கட்டம் 1 என்று யாரும் கழித்துவிடுவார்கள். ஆகவே இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், இல்லையென்றால் மொத்தத்தை எடுக்க வேண்டும். பிள்ளைகளே இதைக் கழித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு வகுப்பு முழுக்க ஒதுக்கியிருக்கிறேன்.

‘ஆம்’, ‘ஆமாம்’, பின்னால் இடைவெளியோடு ஒரு ‘ஆம்’ என்று மூன்று சாவி வந்து நின்றதே, அதற்கு ஓர இடைவெளியை நீக்குகிற ஸ்ட்ரிப்பும் தேர்வுப் பட்டியலும் போதும். ‘எப்போதாவது’ இரண்டாக எண்ணப்பட்டதுதான் நம்மைப் படுத்தியது. ‘போ’வின் ஓகாரக் குறியை கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யுனிகோட் முறையில் ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்குகிற என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

அன்று அதைக் கண்டுபிடித்தது நீங்கள். கீபோர்டைத் தள்ளிவைத்து, பென்சிலால் ஒவ்வொரு சுற்றுக்கும் சாவியையும் எண்ணையும் பிள்ளைகளோடு எழுதிப் பார்த்தீர்கள். அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அதே மாதிரி கட்டம் போட்டுத்தான் இந்த முறை எல்லோருக்கும் கொடுக்கப்போகிறேன்.

புதுப் படிவத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நான்காவது கேள்வி இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.