நனைந்த புத்தகங்களைக் காயவைத்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் தெருக்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து பார்சல் அனுப்பிய நண்பர்களுக்கும்,

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை நம் பக்கத்தில் யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆடுமாடும் வயலும் பறிபோனவர்கள் நடுவில், புத்தகம் நனைந்துவிட்டது என்று சொல்லி அழக் கூச்சமாக இருந்தது. நீங்களாகத்தான் வந்து கேட்டீர்கள்.

முதல் சம்பளத்திலிருந்து மாதம் ஒரு புத்தகமாவது வாங்கிவிடுவது என் வழக்கம். நெல்லை புத்தகத் திருவிழா என்றால் 10 சதவீதக் கழிவில் பை நிறைய வாங்குவேன். வீட்டுக்கு வந்ததும் தேதி, ஊர், கூட வந்தவர் பெயர் எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் மைப்பேனாவால் எழுதிவைப்பேன். அப்புறம்தான் வாசிப்பு. வெள்ளம் வடிந்து பார்த்தால், கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறி உப்பி அலமாரிக்குள்ளேயே இறுகிக் கிடந்தன. இழுத்தாலும் வரவில்லை. நான் எழுதியதெல்லாம் ஊதாக் கறையாகக் கரைந்திருந்தது.

ரைஸ்மில் அண்ணாச்சி, உங்கள் நெல் மூட்டைகளே நனைந்து கிடந்தன. அப்படியும் ஷெட்டில் பாதியை எனக்கு ஒழித்துக் கொடுத்தீர்கள். வெயிலில் பரப்பப் போன என்னை, "உச்சி வெயில்ல விதைநெல்லையே போட மாட்டோம், தாளைப் போடலாமா?" என்று தடுத்தீர்கள். நிழற்காற்றில் காய்ந்ததால்தான் தாள் முறுகாமல் தப்பியது.

எதிர்வீட்டு மதினியும் பிள்ளைகளும் செய்ததை எப்படிச் சொல்ல! பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாளைச் செருகி, காலையும் மாலையும் அதை மாற்றி, பன்னிரண்டு நாள் உட்கார்ந்தீர்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் புத்தகங்கள் பலகைபோல ஒட்டிப்போயின, அவற்றை மட்டும் விட்டுவிட்டோம். பழைய தையல் பைண்டிங் புத்தகங்கள் தாங்கின. பசை பைண்டிங் தாள் தாளாகக் கழன்றது. அவற்றைத் திருநெல்வேலி பைண்டிங் தாத்தா நூல் போட்டுத் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டிக் கொடுத்தார். நூலுக்கும் பசைக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார். தாத்தா, உங்கள் கைக்கு ஒரு கும்பிடு.

எதிர்பாராமல் வந்தது இன்னொன்று. முன்பு என்னிடம் இரவல் வாங்கிப் போனவர்கள், சேதி கேள்விப்பட்டு ஒவ்வொருவராகத் திருப்பித் தந்தீர்கள். மொத்தம் பதினேழு புத்தகங்கள். வீட்டில் இல்லாததால் பிழைத்தவை. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி அனுப்பிய பார்சலைப் பிரித்தேன். பதினொரு வருஷத்துக்கு முன் அவள் கொண்டுபோன நாவல். முதல் பக்கத்தில் என் எழுத்து கலையாமல் இருந்தது: "தூத்துக்குடி, அப்பாவோடு." அப்பா இப்போது இல்லை. அவர் பெயருக்கு நான் எழுதியதில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான். நன்றி மகளே.

அலமாரியை இப்போது பரண் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். ஏணி பக்கத்திலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்