பத்து நிமிடத்துக்கு அரை நாள் சம்பளம்

ஆசிரியருக்கு,

வலங்கைமான் பக்கத்திலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் டூவீலரில் போய்வரும் ஜவுளிக்கடை ஊழியன் நான். சாலை விபத்து என்றதும் ஹெல்மெட், குடி, செல்போன் என்றுதான் பேசுகிறோம். வேலை நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் கடையில் ஒன்பதரைக்கு விரல்ரேகை வைக்க வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போச்சு. வழியில் ஒரு டிராக்டர் மறித்தால் போதும், மனம் ஆக்சிலேட்டருக்குத்தான் போகிறது. இரவில் நிலைமை இன்னும் மோசம். வாடிக்கையாளர் கலைத்துவிட்டுப் போன புடவைகளை மடித்து அடுக்கி, வண்டியை எடுக்கும்போது மணி பத்தரை. இப்போது குறுவை அறுவடை. சாலையின் பாதியில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, விளிம்பில் கருங்கல் வைத்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, களம் போதவில்லை. போன வாரம் கண் சொக்கிய ஒரு நொடியில் அந்தக் கல் என் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எங்களுக்கும் ஸ்டூல் உண்டு, சூபர்வைசர் சாப்பிடப் போகும்போது உட்காரலாம்! வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பிருந்தால், பணிக் காயமாக இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அப்படியானால் அந்தப் பயணத்தில் முதலாளிக்கும் பங்கு உண்டுதானே?

தாமதத்துக்குச் சம்பளம் பிடிப்பதையும் கடை அடைக்கும் நேரத்தையும் தொழிலாளர் துறை அதிகாரிகள் தீபாவளிக்கு முன்பே வந்து பார்க்கட்டும். இரவு பத்தரைக்கு மேல் ஒரு டவுன் பஸ் விட்டால், வண்டியை வீட்டிலேயே விட்டுவர நான் தயார்.

ஒரு ஜவுளிக்கடை ஊழியர்,
வலங்கைமான்