குடும்ப வைத்தியரின் விலாசத்தையும் போட்டிருக்கலாமே

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வார இதழின் உடல்நலப் பக்கத்தில் ஒரு வரி. "புதிதாக வந்திறங்கும் அகதிகள் குடும்ப வைத்தியரிடம் போகும் பழக்கமில்லாமல், தடிமன் காய்ச்சலுக்கும் எமேர்ஜென்சியில் போய்க் குந்தியிருக்கிறார்கள்." கட்டுரையின் மீதியில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது, நடக்கச் சொல்லியிருந்தது. அதோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இந்த ஒரு வரிதான் இன்னும் செமிக்கவில்லை.

குடும்ப வைத்தியரை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முருங்கைக்காய் மாதிரிக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள் என்று கட்டுரையாளர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இலட்சக்கணக்கான பேர் குடும்ப வைத்தியர் இல்லாமல் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்களில் எத்தனையோ பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வைத்தியர் தேடித் தருவதற்கென்று மாகாண அரசு ஹெல்த் கெயார் கனெக்ட் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. அதில் பெயர் பதிவதற்கே, மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டையான ஓஹிப் காட் வேண்டும். அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு ஓஹிப் கிடையாது. கேஸ் வென்ற பிறகுதான் அந்தக் காட்டைக் கண்ணால் காணலாம். அதுவரை கையில் இருப்பது ஒரு கடதாசி. எங்கள் சனம் அதை இன்றைக்கும் 'பிரவுண் பேப்பர்' என்றுதான் சொல்லும். மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தில் இவர் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அந்தக் கடதாசியை எல்லாக் கிளினிக்கும் எடுப்பதில்லை என்பதைக் கட்டுரையாளர் அறிவாரா? திட்டத்தில் பதிந்த வைத்தியர்தான், அரசுக்காக இந்தக் கணக்கைப் பார்க்கும் காப்புறுதி நிறுவனமான மெடவி புளூ குறொஸுக்குப் பில் அனுப்பி அரசிடமிருந்து காசு எடுக்கலாம். பதியாதவர் நோயாளியிடமே கேட்பார். நோயாளி தன் காசைக் கட்டிவிட்டால் அது போனதுதான். பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு அரசிடம் திரும்பக் கேட்க வழியில்லை. கட்டுவதற்கு முன்னால் இதை அறிந்திருக்க வேண்டும். யார் சொல்வது?

வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு, ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களோடு கிளினிக், ஆஸ்பத்திரி என்று துணைக்குப் போய்வருகிறேன். போன மாரியில் ஒரு தங்கச்சியோடு போனேன். முல்லைத்தீவுப் பக்கம். சலரோகக்காரி. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்த அதே பிளாஸ்டிக் உறைக்குள் இந்தக் கடதாசியும் பத்திரமாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் அதை நுனியில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார், பிறகு "இதை இங்கே எடுப்பதில்லை, காசாகக் கட்டலாம்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் இந்தப் பிள்ளை பர்ஸிலிருந்து இருபது டொலர் தாள்களை எடுத்து மேசையில் அடுக்கத் தொடங்கிவிட்டது. நில்லுங்கோ, வேறு இடம் பார்ப்போம் என்றேன். "வேண்டாம் அண்ணை, ஏதும் கதைச்சால் கேசுக்குப் பழுதாகிப் போகும்" என்றார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது, ஆசிரியர் அவர்களே. வைத்தியரிடம் போனால் கேசுக்குப் பழுது, சலரோகம் இருப்பது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பேப்பரைக் காட்டி மருந்து எடுத்தால் பிறகு பி.ஆர். என்ற நிரந்தர வதிவுரிமை கிடைக்காது: இப்படி ஆளுக்கொரு கதை, வந்தவர்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட்களில் உலாவுகிறது. உண்மை அப்படியில்லை. இந்தத் திட்டத்தில் வைத்தியம் பார்ப்பது அகதிக் கோரிக்கையைப் பாதிக்காது. செலவு கூடிய நோயாளி என்று சொல்லி மற்றக் குடிவரவாளர்களை மறுக்க ஒரு சட்டப்பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் அகதியாக ஏற்கப்பட்டவருக்கு அது பொருந்தாது என்று அதே சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இதை எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் நான் வாசித்ததில்லை. உங்களுடையதிலும்தான்.

அந்தத் தங்கச்சி ஊரிலிருந்து கொண்டுவந்த மெட்ஃபோர்மின் என்ற சலரோகக் குளிசையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பாமசியில் அந்தக் கடதாசியில் உள்ள இலக்கத்தைக் கொடுத்தால் அந்தக் குளிசை இந்தத் திட்டத்திலேயே கிடைக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் இந்த நாட்டில் நெடுங்காலமாக இருப்பவர். வாடகை எவ்வளவு என்று மட்டும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

சீனி ஏறித் தலைசுற்றினால் இப்படிப்பட்டவர் எங்கே போவார்? காட் இல்லை என்று கதவைச் சாத்தாத இடம் என்று இவருக்குத் தெரிந்தது எமேர்ஜென்சி ஒன்றுதான். அங்கேதான் போவார். கட்டுரையாளர் கண்டது அந்தக் கடைசிக் காட்சியைத்தான். 'பழக்கம்' என்று எழுதிவிட்டார்.

எமேர்ஜென்சியில் காத்திருப்பவர்களை அவர் கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். தாய்க்கு இரத்தப்போக்கு. பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயது மகன். தாதி கேட்பதை அவன் தமிழில் சொல்ல வேண்டும், தாய் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தாய் அவனைப் பார்த்துவிட்டு "வயிற்று நோ என்று சொல்லு" என்றார். அவனும் அப்படியே சொன்னான். நான் வேறொருவருக்காகப் போய் அடுத்த கதிரையில் இருந்தேன். போனில் உரைபெயர்ப்பாளரை எடுத்துக்கொடுக்கும் வசதி பல ஆஸ்பத்திரிகளில் உண்டு, ஆனால் நோயாளி கேட்டால்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். கேட்கலாம் என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்? நான் எழும்பிப் போய்ச் சொன்ன பிறகு எடுத்தார்கள். பையனை அப்பால் போய் இருக்கச் சொன்னதும் அவன் முகத்தில் வந்த ஆறுதலை எழுத எனக்குத் தெரியவில்லை.

சரி, எழுதத் தொடங்கியாயிற்று, மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூன் 30ஆம் தேதியோடு பிரதமர் ஹாப்பரின் அரசு இந்தத் திட்டத்தை வெட்டி, அகதிக் கோரிக்கையாளருக்குப் பெரும்பாலான மருந்துகளின் செலவை நிறுத்தியது. வெள்ளை அங்கியோடு வைத்தியர்கள் தெருவில் இறங்கினார்கள். போலி அகதிகள் என்று அரசியல்வாதிகள் எங்களையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. சன் சீ கப்பலில் 492 தமிழ் அகதிகள் வந்திறங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் போராட்டத்தில் நான் கண்ட தமிழ் முகங்களை விரல் விட்டு எண்ணலாம். 2014 ஜூலையில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஆன் மக்டாவிஷ், அந்த வெட்டு கொடூரமானது, அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னார். 2016 ஏப்ரலில்தான் எல்லாம் முழுவதும் திரும்பி வந்தது. இப்போது 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், மருந்து, பல், கண் செலவில் நோயாளியும் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். 2012 வெட்டைப் பற்றி அன்று நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கிப் போட்டீர்கள். பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு ஒரு சாமத்தியச் சடங்கு வாழ்த்து. இடநெருக்கடி, விளங்குகிறது.

நாங்கள் வந்தபோது ரொறன்ரோவின் செயின்ட் ஜேம்ஸ் டவுனில் ஓர் அறைக்குள் ஆறேழு பேர் இருந்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டு அக்கா, வேலைக்குப் போகாமல் நின்று கூட்டிக்கொண்டு போனார். எந்த வைத்தியர் பேப்பரை எடுப்பார், எந்த பாமசியில் தமிழ் தெரிந்த பிள்ளை வேலை செய்கிறது எல்லாம் அவருக்கு விரல் நுனியில். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 155 தமிழ் அகதிகளையும் அப்போது யாரும் 'பழக்கமில்லாதவர்கள்' என்று எழுதியதாக ஞாபகமில்லை. எழுதியிருந்தால் எங்களுக்குக் கோபம் வந்திருக்கும். இன்று விசிட்டர் விசாவில் வந்து கேஸ் போட்ட பிள்ளைகளை 'இப்ப வந்ததுகள்' என்று சொல்வது நாங்கள்தான். ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்த்து, கட்டிலளவு காசோலையோடு நின்று படம் எடுக்கிறோம். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்குள் எப்படிப் போவது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் படம் வராது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அரைப் பக்கம் தாருங்கள். அதுவும் மரண அறிவித்தல் பக்கத்துக்கு எதிரே. அந்தப் பக்கத்தை வாசிக்காத தமிழன் இந்த நகரத்தில் இல்லை. அதில் பிரவுண் பேப்பர் எதற்கெல்லாம் செல்லும், கிளினிக்குக்குப் போகுமுன் போனில் என்ன கேட்க வேண்டும் என்று போடுங்கள். சமூக சுகாதார நிலையங்கள் ஓஹிப் இல்லாதவர்களையும் பார்க்கும் என்பதையும், கர்ப்பிணிகளுக்கு ஓஹிப் இல்லாமலே மருத்துவச்சியின் உதவி கிடைக்கும் என்பதையும் போடுங்கள். 811ஐ அழைத்தால் இரவு பகலாக ஒரு தாதியோடு பேசலாம், தமிழ் என்று சொன்னால் உரைபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். 211இல் பக்கத்தில் என்ன உதவி இருக்கிறது என்று கேட்கலாம். ஸ்காபரோவில் கடதாசியை எடுக்கும் கிளினிக்குகளின் பட்டியலை நானே போன் பண்ணிச் சரிபார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் மேலிருந்து வெட்டுங்கள். 811, 211 வருகிற பந்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஸ்காபரோ.