கிரிப் கோக்குக்கு முன்னால் ட்ரவன்: எங்கள் மலை நண்பர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஸ்னோடன் என்று நாம் சொல்லிப் பழகிய, வேல்ஸிலுள்ள எர் வித்வா மலைக்கு எங்களோடு நடந்து வந்தவர்களில் பலர் குளிர்காலம் முழுக்க ஒரே கேள்வியை எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்: “அடுத்து கிரிப் கோக் (அந்த மலைத்தொகுதியிலேயே உள்ள கூர்மையான முகடு) கூட்டிப் போவீர்களா?” தனித்தனியாகப் பதில் போடுவதைவிட, காரணத்தோடு ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கூட்டிப் போவோம். ஆனால் முதல் நாளே அல்ல. இந்த மே மாதத்திலிருந்து, ஸ்கிராம்பிளிங்குக்குப் புதியவர்கள் எல்லோரையும் முதலில் ட்ரவன் மலையின் வடக்கு முகட்டுக்குத்தான் அழைத்துப் போகிறோம்.

வார்த்தையே புதிதாக இருப்பவர்களுக்கு: ஸ்கிராம்பிளிங் என்பது மலைநடைக்கும் பாறையேற்றத்துக்கும் நடுவில் இருப்பது. கால் மட்டும் போதாமல் கையையும் பாறையில் வைத்து ஏற வேண்டிய இடங்கள். சிவனொளிபாதமலையும் வெள்ளியங்கிரியும் ஏறிய கால்கள் உங்களில் பலருக்கு உண்டு, மூச்சுக்கும் தெம்புக்கும் குறைவே இல்லை. ஆனால் அங்கே ஏறும் வழி உங்களுக்கு முன்னால் தெளிவாகக் கிடக்கிறது. இங்கே ஒவ்வொரு அடியையும் நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை யாரும் ஒரு மாத ஜிம் பயிற்சியில் கற்றுக்கொள்ள முடியாது. பாறைமேல்தான் கற்க வேண்டும்.

பிரிட்டனில் இந்த ஏற்றங்களை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். 1 எளியது. ட்ரவன் வடக்கு முகடும் தரம் 1, கிரிப் கோக்கும் தரம் 1. குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. அந்த எண் பாறையில் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் சொல்கிறது. பக்கத்தில் எவ்வளவு பள்ளம் திறந்து கிடக்கிறது, வேண்டாம் என்று தோன்றினால் இறங்க வழி உண்டா என்பதையெல்லாம் சொல்வதில்லை. 923 மீட்டர் உயரத்தில் கிரிப் கோக்கின் முகடு கத்தி விளிம்பு போலப் போகிறது. வடக்குப் பக்கம் நேர்ச்சரிவு. முகட்டின் உச்சியைக் கைப்பிடிச் சுவர் போலப் பிடித்துக்கொண்டு, தெற்குப் பக்கத்தில் சற்றுக் கீழே கால் வைத்து நகர வேண்டும். ஏறிவிட்டால், நடுவில் விலகி இறங்க நல்ல வழி கிடையாது.

என் முதல் கிரிப் கோக் பயணம் நண்பர்களோடு, வழிகாட்டி இல்லாமல். கீழே லேசாக இருந்த காற்று மேலே ஆளைத் தள்ளியது. முகட்டின் பாதியில் என் கால் நகரவில்லை. பிடியெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கண் கீழேயே போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த முன்பின் தெரியாத ஒருவர், “கையைப் பாருங்கள், அப்புறம் காலைப் பாருங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள்” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழைத்துப் போனார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் மலையை ரசிக்கவே இல்லை. உங்கள் முதல் அனுபவம் அப்படி ஆகக் கூடாது என்பதுதான் இந்த மடலுக்கே காரணம்.

ட்ரவன் வேறு மாதிரி. 917.5 மீட்டர். ஒக்வென் பள்ளத்தாக்கில், ஏ5 சாலை ஓரத்திலிருந்தே எழுந்து நிற்கிறது. (எட்ஜ்வேர், காலின்டேல் பக்கம் இருப்பவர்கள் தினமும் கடக்கும் எட்ஜ்வேர் ரோடும் ஏ5தான். நடுவில் எண் மாறினாலும், உங்கள் தெருமுனைக்கும் இந்த மலைக்கும் ஒரே சாலை எண் என்பது எனக்கு இன்னமும் சந்தோஷமான விஷயம்.) காரை விட்டு இறங்கியதிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 600 மீட்டர் ஏற்றம். முகடு அகலமானது. ஒரு பாறை பிடிக்கவில்லையென்றால் பத்தடி தள்ளி இன்னொன்று இருக்கும். சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் காலத்துப் பாறை, காய்ந்திருந்தால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகக் காலைப் பிடித்துக்கொள்ளும். நனைந்து, மேலே பாசி படிந்த இடமென்றால் அதே பாறை வழுக்கும்.

அந்த அகலமே ஒரு சிக்கலும்தான். தெளிவான பாதை கிடையாது. முகட்டைவிட்டுப் பக்கவாட்டில் விலகியவர்கள், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களைத் தேடி வருவது ஒக்வென் பள்ளத்தாக்கின் மீட்புக் குழு. எல்லோரும் தன்னார்வலர்கள், ஒரு பைசா கேட்பதில்லை. அவர்களுக்கு வேலை வைக்காமல் வழி பார்க்கக் கற்றுக்கொடுப்பது எங்கள் பொறுப்பு.

நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் ட்ரவன் பாக் என்ற சின்னச் சாய்பாறையின் அடிவாரத்தில் ஒரு மணி நேரம். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் நகரலாம். ஒரு பிடியை நம்புவதற்கு முன்னால் தட்டிப் பாருங்கள், உள்ளே காலியாக ஒலித்தால் விட்டுவிடுங்கள். பிடியை வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்துங்கள். பாறையோடு ஒட்டிப் படுக்காதீர்கள், உடல் எடை பாதத்தின்மேல் நிற்கட்டும். முழங்காலை ஊன்ற வேண்டாம், ஊன்றினால் எழுந்து நிற்க வழியிருக்காது. கல் உருண்டால் “பிலோ!” (ஆங்கிலத்தில் ‘கீழே’) என்று கத்த வேண்டும். நம் வாயில் “கல்லு!” என்றுதான் முதலில் வரும், ஆனால் கீழே வருபவருக்குப் புரிய வேண்டுமே.

அந்த ஒரு மணி நேரத்தில் பாதியை இறங்குவதற்கே ஒதுக்குகிறோம். ஏறும்போது பிடி கண் முன்னால் இருக்கிறது, இறங்கும்போது அது காலுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. செங்குத்தான இடத்தில் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்கப் பழக வேண்டும். ஏறிய இடத்தில் இறங்கவும் தெரிந்தவருக்குப் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடுவதை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கிறேன்.

பிறகு முகடு. பீரங்கி போல நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் படம் எடுக்க நிற்போம். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பிளவில் இறங்கி ஏற வேண்டும், அங்கே தேவைப்பட்டவர்களுக்குக் கயிறு கட்டுவோம். உச்சியில் ஆளைவிட உயரமான இரண்டு தூண்கற்கள், ஆதாம், ஏவாள் என்று பெயர். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவது இங்கே ஒரு வழக்கம். எங்கள் குழுவில் தாவல் கிடையாது, தயவுசெய்து கேட்காதீர்கள். தெற்கு முகடு வழியாக இறங்கி, பொக்ல்விட் ஏரியைக் கடந்து சாலைக்கு வரும்போது, காலையில் தொடங்கியதிலிருந்து மொத்தம் ஏழு மணி நேரம் ஆகியிருக்கும்.

கட்டணம் ஏன் நடைப்பயணத்தைவிட அதிகம் என்று கேட்டவர்களுக்கு: நடைப்பயணத்தில் ஒரு வழிகாட்டியோடு எட்டுப் பேர் வந்தீர்கள். இதில் இரண்டு பேர்தான். வழிகாட்டியின் தகுதியும் வேறு. மவுண்டன் லீடர் தகுதி மலைநடைக்கானது, அதில் கயிறு அவசரத்துக்கு மட்டும். திட்டமிட்டே கயிறு கட்டி அழைத்துப் போக மவுண்டனியரிங் அண்ட் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் தகுதி வேண்டும். எங்களிடம் மட்டுமல்ல, யாரோடு போனாலும் இதைக் கேளுங்கள்.

ஹெல்மெட், ஹார்னஸ் (கயிறு கட்ட இடுப்பில் அணியும் பட்டை), கயிறு எங்களுடையது. உங்களுடையது நல்ல பிடிப்புள்ள, அடிப்பாகம் கொஞ்சம் விறைப்பான ஷூ. ஓடுவதற்கான மெத்து ஷூ வேண்டாம். கோடையிலும் மழைச்சட்டையும் கையுறையும் கட்டாயம். ஊன்றுகோலை மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு விசிலும் எடுத்து வாருங்கள்: ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. போன் வேலை செய்தால் 999 அழைத்துப் போலீஸ் கேளுங்கள், அவர்களிடம் மலைமீட்பு வேண்டும் என்று சொல்லுங்கள்.

காற்று பலமாக இருந்தாலோ பாறை ஈரமாக இருந்தாலோ முகட்டைத் தொட மாட்டோம். தாழ்வான இடத்தில் பயிற்சி நடக்கும், அல்லது வேறு தேதி தருவோம். பாதி வழியில் வழிகாட்டி “போதும், திரும்பலாம்” என்றால் அதுதான் முடிவு. லண்டனிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டி வந்தவர்களுக்கு அது எவ்வளவு வருத்தம் என்று தெரியும். இருந்தும் அதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ட்ரவன் முடித்தவர்கள் அடுத்து பிரிஸ்ட்லி முகடு வரலாம், அதற்கடுத்து கிரிப் கோக். இந்த ஆண்டே மூன்றும் முடியும், அவசரமில்லாதவர்கள் அடுத்த ஆண்டும் வரலாம்.

மே, ஜூன் சனிக்கிழமைகளுக்குப் பதிவு தொடங்கிவிட்டது. பதில் எழுதும்போது உயரமென்றால் பயம் உண்டா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். உண்டென்றால் உங்களோடு இன்னொருவரைச் சேர்க்காமல், அன்று ஒரு வழிகாட்டியை உங்களுக்கே ஒதுக்கித் தருகிறோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் மலைநடைக் குழுவினர்