அந்தக் கல்யாண அத்தியாயம் பற்றி, மகளுக்கு

அன்புள்ள மகளே,

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில், ஃப்ரே குடும்பத்தார் கொடுத்த கல்யாண விருந்தில் ராபும் அவன் அம்மா கேட்லினும் கொல்லப்படும் இடத்திலேயே மூன்றாம் பாகத்தை மூடிவிட்டாய், மார்ட்டினை இனி தொடவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' 2000-ல் வந்ததிலிருந்தே இந்த இடத்தில் புத்தகத்தைத் தூக்கி எறிந்தவர்கள் நிறையப் பேர். 2013-ல் இந்த இடம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரில் வந்தபோது, ஏற்கெனவே படித்தவர்கள் வாயைத் திறக்காமல் காத்திருந்து, படிக்காதவர்கள் அலறுவதை வீடியோ எடுத்தார்கள்.

ஆனால் "அதிர்ச்சிக்காகவே கொன்றிருக்கிறார், மனசே இல்லாத மனுஷன்" என்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அத்தியாயத்தை எழுத முடியாமல் தள்ளிப்போட்டு, புத்தகத்தின் மற்ற பகுதியெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கொஞ்சம் பின்னால் போய்ப் படித்துப் பார். ராபின் ஓநாய் ஃப்ரேக்களைக் கண்டதுமே உறுமுகிறது. மணப்பெண் அழுகிறாள். வாசிக்கவே தெரியாத வாத்தியக்காரர்கள். எல்லாம் நம் கண்முன்னால்தான் இருந்தது. அப்பமும் உப்பும் சாப்பிட்டாயிற்று, இனி விருந்தாளியைத் தொட மாட்டார்கள் என்று அவர்களைப் போலவே நாமும் நம்பிவிட்டோம்.

இப்படி நடக்குமா என்று கேட்டிருந்தாய். ஸ்காட்லாந்தில் 1440-ல் டக்ளஸ் குடும்பத்துப் பையன்கள் இரண்டு பேரை அரண்மனை விருந்துக்கு அழைத்துக் கொன்றார்கள். 1692-ல் அங்கேயே கிளென்கோவில், படைவீரர்களை வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்ட மக்டொனால்டு குலத்தாரையே அந்தப் படைவீரர்கள் கொன்றார்கள். மார்ட்டின் எடுத்தது இவற்றிலிருந்துதான். நம் பாரதத்தில் மட்டும் என்ன, போர் முடிந்தது என்று தூங்கிய திரௌபதியின் பிள்ளைகள் ஐந்து பேரையும் அசுவத்தாமன் ராத்திரியில் வந்து கொல்லவில்லையா?

என்னை உலுக்கியது வேறு ஒன்று. ராபுக்கென்று எந்தப் பாகத்திலும் ஓர் அத்தியாயம் கிடையாது, கவனித்தாயா? அவனை எப்போதும் பக்கத்தில் இருப்பவர்கள் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், சாவையும் அவன் அம்மாவின் கண்ணால்தான் பார்க்கிறோம். சின்ன மகன்கள் பிரானும் ரிக்கனும் செத்துவிட்டார்கள் என்றே கேட்லின் நம்பிக்கொண்டிருக்கிறாள். மிச்சம் இருக்கும் ஒரே மகன் இவன் என்று நினைத்து அவன் உயிருக்காகக் கெஞ்சுகிறாள். சின்னவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருப்பது நமக்குத் தெரியும். அவள் மகள் ஆர்யா அந்தக் கல்யாணம் நடக்கும் கோட்டை வாசல் வரைக்கும் வந்துவிட்டாள் என்பதும் தெரியும். கேட்லினிடம் போய் இதைச் சொல்ல ஒருத்தர்கூட இல்லை. பிள்ளையைப் பெற்றவள் இதை எப்படித் தாங்குவாள்? நான் அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை. அவர் ஏமாற்றிவிட்டார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அவளைப் பற்றி அவ்வளவு உண்மையாக எழுதியிருந்ததால்தான் அப்படி வலித்தது.

ஒரு விஷயத்தில் குறை சொல்கிறவர்கள் பக்கம்தான் நான். பெண்களுக்கு நடக்கும் கொடுமையை அவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார், சில இடங்களில் கதைக்கு அது வேண்டியதே இல்லை. அதைச் சகிக்க முடியாமல் நிறுத்துகிறாய் என்றால் சரி, நான் வற்புறுத்த மாட்டேன்.

ராபுக்காக என்றால் நிறுத்தாதே. நாலாம் பாகம் 2005-ல் வந்தபோது முக்கியப் பாத்திரங்களான டிரியனுக்கும் டெனேரிஸுக்கும் அதில் அத்தியாயமே இல்லை என்று வாசகர்கள் கொதித்தார்கள், அடுத்ததற்கு 2011 வரை காத்திருந்தார்கள், ஆறாவதற்கு இன்னும் காத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையெல்லாம் அப்புறம். இப்போதைக்கு இந்தப் பாகத்தை மட்டும் முடி. கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு கல்யாணம் வருகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். படித்து முடித்ததும் எந்த நேரமானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா